ஒன்றரை அங்குல வால்வு

கண்டனூரில் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம்.
கிணறு ஒன்று. மோட்டார் ஒன்று.
மேலே வரும் குழாய் டீயில் பிரிந்து
கிழக்கே ஒரு வால்வு, மேற்கே ஒரு வால்வு.
மேற்கு வால்வை மூடிப் பன்னிரண்டு வருசம்.
திருப்புகிற சக்கரத்தையும் கழற்றி
கிழக்குப் பங்குக்காரர் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்.
பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறதாம்.

மோட்டார் இறுகிப்போனதும் என்னைக் கூப்பிட்டார்கள்.
"எல்லாத்தையும் மாத்திருங்க" என்றார் போனில்.
"மேற்க புதுசு போட்டாலும் மூடித்தான் இருக்கணும்."

முதல் நாள் மண்ணெண்ணெய் மட்டும்.
துணி சுற்றி நனைத்துவிட்டு வந்துவிட்டேன்.
உப்புத் தண்ணீர். மரைக்குள் மரை இல்லை,
வெள்ளையும் பச்சையும் செம்பழுப்புமாய் ஒரே கல்.

மறுநாள் ரெஞ்சுக்குப் பிடி போதாமல்
மூன்றடிக் குழாயைச் செருகி
வைரவன் அதில் தொங்கினான்.
அறுபத்தெட்டுக் கிலோ ஆள். யூனியன் அசையவில்லை.
சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன்,
தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுக்கு.
கழற்றுமுன் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் கொடுக்க வேண்டும்.
அதற்குத்தான் துரு ஏமாறும்.

ஏமாந்தது.
அந்தக் கிரீச்சில்
கிணற்றுப் பொந்துப் புறாக்கள் எல்லாம் மேலே போயின.

நிப்பிள் மட்டும் டீயின் வாய்க்குள்ளேயே முறிந்தது.
ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து
உள்ளிருந்து நெடுக அறுத்து
ஓலையைச் சுருட்டுவதுபோல் உள்வாக்கில் மடக்கி எடுத்தேன்.
மணி இரண்டு.

அப்புறம்தான் அந்த வால்வை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
இந்த முனையில் கண்ணை வைத்தால்
அந்த முனையில் வைரவனின் சட்டைப் பொத்தான்.

மூடித்தான் இருந்தது. தண்டு அடிவரை இறங்கியிருந்தது.
தண்டின் நுனியில் தகடுதான் இல்லை.
உப்பு தின்றது போக
வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு துண்டு.

எத்தனை வருசமாய், யார் கண்டது.

மேற்கு வீட்டு விசாலாட்சி ஆச்சி டீ கொடுத்தார்.
அடுப்பில் இருந்த சட்டியின் அடியில்
சுண்ணாம்பு அடித்ததுபோல் படலம்.
பஞ்சாயத்துக் குழாயின் காவிரித் தண்ணீர் அப்படிப் படியாது.
நான் சட்டியைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
"சீனி போதுமா?" என்றார்.

காரைக்குடியில் வாங்கிய புதுப் பால் வால்வு.
உள்ளே எஃகு உருண்டை. டெஃப்லான் பதினாலு சுற்று.
கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டு
மோட்டாரைப் போட்டேன்.
மேற்குக் குழாயில் ஒரு சொட்டு இல்லை.
நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.
துரு வருசக்கணக்காய்ப் பார்த்துப் பார்த்துச் செய்ததை
ஆயிரத்து இருநூறு கூலிக்கு
ஒரே பகலில் சரி பண்ணிவிட்டேன்.

வண்டியில் வைரவன் பேசவில்லை.
புதுவயல் அரிசி ஆலை நெடி வந்தபோது மட்டும்
"நமக்கென்ன மச்சான்" என்றான்.
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

நாலாம் நாள் காலை தெரியாத நம்பர்.
கிழக்கு வீட்டு உமையாள் ஆச்சி.
பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது,
வேண்டுமென்றே ஓடவிட்டிருப்பார்.
மோட்டார் கரண்டு பில்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறவர் அவர்தான்.

"பழைய வால்வு இருக்கா, வித்துட்டீகளா?"
பித்தளை, ஒன்றேகால் கிலோ. நேற்றுத்தான் போட்டேன்.
"அப்ப புதுசுலயே...
பாக்க மூடியிருக்கணும். 
சரியா மூடாத மாதிரி ஏதாச்சும் கிடைக்குமா?"
கம்பெனியில் அப்படிச் செய்வதில்லை என்றேன்.
"அண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்று வைத்துவிட்டார்.

பழைய இரும்புக் கடையில்
பித்தளைக் குவியலைக் கிளறி
ஒவ்வொன்றாய் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்கிறேன்.
"என்னய்யா தேடுற?" என்கிறார் கடைக்காரர்.
"வேலைக்கு ஆகாத வால்வு ஒண்ணு."
"எல்லாம் அதுதானே" என்கிறார்.